காற்று சீதனமாகாது

சூறாவளி அடித்துப் போன மறு வருடம் எங்கள் ஊரில் சீதனம் ஒழிக்கப்பட்டது.

ஒழித்தது சீதன ஒழிப்புச் சங்கம். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடி, கைகளை உயர்த்தி, ஏகமனதாக ஒழித்தார்கள். பிறகு எல்லோரும் புரியாணி சாப்பிட்டார்கள். மண்டபத்துக்குப் பின்னால் மாமரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமைத்த பெண்களுக்கு அந்தச் செய்தி மறுநாள்தான் கிடைத்தது. “அப்ப என்ட மகளுக்குக் கட்டின வீட்ட என்ன செய்யிற, இடிக்கிறதா?” என்று அவர்களில் ஒருத்தி கேட்டாளாம்.

நியாயமான கேள்விதான். சங்கமும் அதை யோசித்தது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவர் எங்கேயாவது இருந்தாக வேண்டும். ஆகவே வீடு சீதனமல்ல, இருப்பிடம். வயல் சீதனமல்ல, உணவு. மோட்டார் சைக்கிள் சீதனமல்ல, போக்குவரத்து. நகை பெண்ணின் உடம்பிலேயே கிடப்பதால் அதைச் சுகாதாரத்தின் கீழ் சேர்த்தார்கள். முன்பு ஒரு வீட்டையும் ஒரு துண்டு வயலையும் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்த குடும்பங்கள், ஒழிப்புக்குப் பிறகு எல்லாத் தலைப்பின் கீழும் ஏதாவது கொடுக்க வேண்டியதாயிற்று. தலைப்பு என்று ஒன்று இருந்தால் அதன் கீழ் வெறுமையாக விட முடியுமா?

எல்லாம் முறையாக நடக்கிறதா என்று பார்க்கச் சங்கத்தின் மூன்று உத்தியோகத்தர்கள் ஒவ்வொரு கலியாண வீட்டுக்கும் வந்தார்கள். தலைவர் அப்துல் ஸமட் ஹாஜியார், உரக்கடை முதலாளி. செயலாளர் அபுல் ஹஸன் மாஸ்டர், இளைப்பாறிய ஆசிரியர். பொருளாளர் மீராமுகைதீன், நெல் ஆலை வைத்திருப்பவர்.

அப்படித்தான் அவர்கள் ஹப்ஸாவின் வீட்டுக்கும் வந்தார்கள்.

ஹப்ஸா நெசவுக்காரி. வீட்டு மண்டபத்தின் கிழக்கு ஜன்னலோரம் தறி போட்டிருந்தாள். வாப்பா மௌத்தாகிவிட்டார். உம்மா சபியா உம்மா, தங்கை றாஹிலா, குவைத்தில் வேலை செய்யும் அண்ணன், காக்கா இஸ்ஸதீன், இவ்வளவுதான் குடும்பம். வளவின் வடக்குப் பாதியில் வீடு நின்றது. தெற்குப் பாதியில் ஒரு முருங்கை மரமும் ஒரு தென்னம்பிள்ளையும் நின்றன. அந்தப் பாதி றாஹிலாவுடையது. எங்கள் ஊரில் பிறந்த பிள்ளை பெண் என்றால், தொப்புள்கொடி விழுவதற்கு முன்பே வளவில் ஒரு மூலையைப் பார்த்துவிடுவார்கள். றாஹிலா பிறந்த அன்று வாப்பா தெற்குப் பாதியில் நான்கு கட்டை அறைந்தார். கட்டைகள் உக்கிப் போய்விட்டன. றாஹிலா தினமும் பின்னேரத்தில் அங்கே போய்த் தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுவாள். தன் வீட்டு வாசலில் நிற்பது போலத்தான் நிற்பாள்.

ஹப்ஸாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை சரீப், நீர்ப்பாசனக் கந்தோரில் எழுதுவினைஞர். தலைவரின் சொந்த மருமகன், தங்கையின் மகன். பெண்ணின் வலீயாக நின்று நிக்காஹ் செய்து கொடுக்க வேண்டியவர் வாப்பாவின் தம்பி. அவர்தான் பொருளாளர் மீராமுகைதீன். மாப்பிள்ளையின் மாமாவும் பெண்ணின் சாச்சாவும் ஒரே சங்கத்தில் இருந்ததால், பெண் வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் வேறுவேறாகச் சந்திக்கும் சிரமம் இல்லாமல் போனது.

தலைவர் கதிரையில் அமர்ந்து தொண்டையைச் செருமினார். பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்தார்கள்.

“நான் சீதனத்துக்கு எதிரி, சபியா உம்மா. என்ட கலியாணத்தில நான் எடுத்த சீதனத்த நினைச்சா இண்டைக்கும் எனக்கு வெக்கமா இரிக்கி. அந்த வெக்கத்தோடதான் அந்த வீட்டில நான் இரிக்கன். மருமகனும் என்னப் போலத்தான். ஒண்டும் கேக்கமாட்டான். ஒரேயொரு விசயம். அவனுக்கு வேர்க்கும்.”

“வேர்க்குமா?” என்றாள் சபியா உம்மா திரைக்குப் பின்னாலிருந்து.

“சின்னனில இருந்தே. உங்கட மகன் குவைத்தில என்ன வேலை?”

“வீடுகளுக்குக் குளிர் காத்துப் போற குழாய் பூட்டுறானாம், ஹாஜியார். கெசட்டில பேசி அனுப்பியிருந்தான்.”

“பாத்தீங்களா! அரபிமார்ட வீட்டுக்கெல்லாம் பூட்டுறவன் தங்கச்சிட வீட்டுக்குப் பூட்டல்லையெண்டா ஊர் என்ன கதைக்கும்? நான் கதைக்கமாட்டன். ஊர்.”

செயலாளர் மாஸ்டருக்கு ஒரு சந்தேகம் வந்தது. மெசின் சீதனத்தில் சேராதா என்று கேட்டார். தலைவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல எழுந்து நின்றார்.

“மெசினா முக்கியம் மாஸ்டர்? அதுக்குள்ளால வாறது என்ன? காத்து. காத்த ஈடு வைக்க ஏலுமா? பெட்டகத்தில பூட்ட ஏலுமா? நொத்தாரிசுகிட்டப் போய் எழுத ஏலுமா? காத்து அல்லாஹ்ட நிஃமத், அவன் குடுத்த கொடை. காத்து சீதனமாகாது.”

மூவரும் கை உயர்த்தினார்கள்.

திரைக்குப் பின்னால் ஹப்ஸா தன் தறியை நினைத்துக்கொண்டாள். லுஹர் தொழுகைக்குப் பிறகு, பகல் சாயும்போது, கடற்காற்று மூன்று ஒழுங்கைகளைத் தாண்டி அந்த ஜன்னலால் வரும். பாவு நூல்கள் அசையும், யாரோ விரலால் தடவிப் பார்ப்பது போல. அந்தக் காற்றை அவள் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டு வாங்க வேண்டிய பொருள்களில் காற்றும் ஒன்று என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. சரீபை அவள் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், பஸ் தரிப்பிடத்தில், குடையை விரிக்கத் தெரியாமல் மழையில் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனுசன் போலத்தான் இருந்தது. வேர்த்ததாக ஞாபகமில்லை.

மெசின் கொழும்பிலிருந்து லொறியில் வந்தது. அதனுடன் ஒரு கெசட்டும் வந்தது. உம்மாவும் மக்களும் றேடியோவைச் சுற்றி உட்கார்ந்து இஸ்ஸதீனின் குரலைக் கேட்டார்கள். சலாம் சொல்லி, எல்லோரையும் பெயர் சொல்லிச் சுகம் விசாரித்து, கொஞ்சம் அழுது, பிறகு விசயத்துக்கு வந்தான்.

“உம்மா, மெசினப் பின் சுவரில வைங்க. அதில ஒரு திருகு இரிக்கி. நீலப் பக்கம் திருப்பினாக் குளிரும். சிவப்புப் பக்கம் சூடு. இஞ்ச தை மாசத்தில கை விறைக்கும், அதுக்குத்தான் சூடு. நம்மட ஊருக்குச் சிவப்பத் தொட்டுப்போடாதீங்க. குழாய் அங்கேயே தகரத்தில அடிக்கலாம். காத்து உள்ளுக்குப் போற வாயில ஒரு வடி இரிக்கி, தூசிய மறிக்க. அதக் கவனமாப் பாத்துக்கங்க.”

குழாய் அடிக்கப் பாண்டிருப்பிலிருந்து அழகரெத்தினம் வந்தார். வாளி, விளக்கு, கூரைப் பீலி எல்லாம் செய்கிற தகர வேலைக்காரர். மெசினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“விளங்கிற்று உம்மா. கூரையில இருந்து தண்ணி போறதுக்குப் பீலி. இது காத்துப் போறதுக்குப் பீலி. மழைப் பீலிக்கு மேல்பக்கம் திறப்பு, இதுக்கு மூடி. மறுகா என்ன?”

அன்றிலிருந்து அதற்குக் காத்துப் பீலி என்றே பெயராயிற்று. தட்டைத் தகரம் போதாமல் கடைசித் துண்டுக்குப் பிஸ்கட் தகரங்களை வெட்டி ஒட்டினார். ஒரு தகரத்தில் தட்டேந்திய ஒரு பெண்ணின் படம் இருந்தது. சங்கம் வந்து பார்த்து, கலந்தாலோசித்து, படத்தை உட்பக்கமாகத் திருப்பச் சொன்னது. அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைக் காற்று மட்டும்தான் பார்த்தது.

காற்று இறங்க மண்டபத்துக்கு நான்கு வாய், மணவறைக்கு ஒன்று என்பது சங்கத்தின் கணக்கு. அழகரெத்தினம் குசினிக்கும் ஒரு வாய் வைத்துவிட்டார்.

“குசினிக்கு ஏன்?” என்று மாஸ்டர் கேட்டார்.

“மிச்சத் தகரம் கிடந்திச்சு ஐயா. அடுப்படியில நிக்கிறாக்களுக்குத்தானே கூட வேர்க்கும்.”

இதற்குச் சங்கத்தில் தலைப்பு எதுவும் இருக்கவில்லை. ஆகவே விட்டுவிட்டார்கள்.

கூரைக்குள் படுத்திருந்து கடைசி மூட்டைப் பூட்டும்போது அவர் கையில் தகரம் கிழித்தது. மண்டபப் பக்கம் தலையை வைத்துக்கொண்டு அவர் அந்தத் தகரத்தின் தாய் தகப்பனைப் பற்றி ஏதோ சொன்னார். குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த சபியா உம்மா துள்ளி எழுந்துவிட்டாள். சத்தம் அவள் காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது போல இருந்தது. றாஹிலா மண்டபத்துக்கு ஓடிப்போய் ஒரு வாய்க்குக் கீழே நின்று, “உம்மா, மீன் கருகுது” என்று மெல்லச் சொன்னாள். குசினியில் அது தெளிவாகக் கேட்டது. இதை ஆண்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவும் இல்லை.

காற்று பூட்டப்பட்டதும் ஜன்னல்கள் மூடப்பட வேண்டும் என்று சங்கம் அறிவித்தது. தறி மண்டபத்துக்குப் பொருத்தமில்லை என்பதால் குசினித் தாழ்வாரத்துக்குப் போனது. கிழக்கு ஜன்னலுக்குக் கொக்கி போட்டார்கள். உப்புக் காற்றில் கறள் பிடித்திருந்த கொக்கி ஒரேயடியாக இறுகிக்கொண்டது.

வடி மட்டும் பிரச்சினையாகிவிட்டது. பெட்டியைத் திறந்தபோது சட்டம் இருந்தது, அதிலிருந்த பஞ்சை வழியில் எலி தின்றிருந்தது. வடியில்லாமலே போடலாமே என்றாள் சபியா உம்மா. மாஸ்டர் எழுந்தார்.

“காத்தென்டா என்னெண்டு நினைக்கிறீங்க? பெரியநீலாவணையில காயப்போட்ட கருவாடு அதுக்குள்ள இரிக்கி. சந்தையில கிளம்பின தூசி அதுக்குள்ள இரிக்கி. வேலியில்லாத வளவெல்லாம் பூந்து கண்டவனையும் தொட்டுப்போட்டு வருது. அப்பிடிப்பட்ட காத்த விசாரிக்காம ஒரு கலியாண வீட்டுக்குள்ள விடுறதா? நான் முப்பது வருசம் படிப்பிச்சவன். வடிக்காம நான் ஒண்டையும் உள்ளுக்கு எடுத்ததில்ல.”

கடைசி வசனத்தை அவருடைய மாணவர்கள் கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்கள்.

ஹப்ஸா வடித்துணி நெய்தாள். நெருக்கி அடிக்காமல், இழைக்கு இழை இடைவெளி விட்டு. சின்ன வயதில் அவளுக்கு ஏச்சு வாங்கித் தந்தது இப்படிப்பட்ட நெசவுதான். இப்போது அதையே கேட்டு வாங்கினார்கள். தறியில் கால் மிதிக்கும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு காலமும் தன்னை இறுக்கி இறுக்கி நெய்ய வைத்தது யாருக்காக என்று ஒரு யோசனையும் வந்தது. சிரிப்பு போய்விட்டது. யோசனை போகவில்லை.

துணியைப் பரீட்சிக்கச் சங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. காற்று உள்ளே போகும் வாயின் முன்னால் ஒரு கூடை கருவாட்டை வைத்தார்கள். மெசினில் காற்றை மட்டும் ஓடவிட்டார்கள். மணம் உள்ளே வராவிட்டால் வடி சித்தி, தேறிவிட்டது. காற்று கருவாட்டை முகர்ந்து, துணியைத் தாண்டி, பீலிக்குள் ஏறி, எல்லா வாயாலும் இறங்கியது. அந்தக் கிழமை முழுவதும் வீடு கருவாடு காயவைக்கிற வாடி போல மணத்தது. பக்கத்து வீட்டுப் பூனைகள் கூரையில் குடியேறின. சங்கம் கூடி, வடியில் பிழையில்லை, கருவாடு வயதுக்கு மீறியது என்று தீர்மானித்தது.

பிறகு பெரிய பரிசோதனை வந்தது. கச்சான் காற்று வீசுகிற மாதம். மேற்கிலிருந்து வரும் அந்த வெக்கைக் காற்றில் வேலியோரப் புல் கூடப் பொரிந்திருந்தது. மாப்பிள்ளை கலியாணத்துக்கு முன்னால் பெண் வீட்டுக்கு வருவது வழக்கமில்லை. ஆனால் வேர்க்கிறவர் இல்லாமல் எப்படிப் பரிசோதிப்பது? சரீபையும் அழைத்து வந்து நடுவில் இருத்தினார்கள். ஜன்னல்கள் எல்லாம் அடைப்பு. பெண்களிருந்த குசினிப் பக்கத்து வாசலில் திரைக்கு மேல் ஒரு கம்பளியையும் தொங்கவிட்டிருந்தார்கள், குளிர் வீணாகப் பெண்கள் பக்கம் போய்விடாமல்.

மாஸ்டர் பின் சுவருக்குப் போய்த் திருகைப் பிடித்தார். நீலம் மங்கிய நிறம். சிவப்பு பளிச்சென்று இருந்தது. முக்கியமானதைச் சிவப்பில்தான் எழுதுவார்கள் என்பது அவர் அனுபவம்.

“மாஸ்டர், காக்கா சொன்ன அந்த...” என்று திரைக்குப் பின்னாலிருந்து றாஹிலா தொடங்கினாள்.

“பொம்புளப் புள்ளைட சத்தம் மண்டபத்துக்கு வரக்கூடாது!” என்றார் தலைவர்.

றாஹிலா நிறுத்திக்கொண்டாள். மாஸ்டர் சிவப்புப் பக்கம் முடியுமட்டும் திருப்பினார்.

ஒழுங்கையில் எல்லா மின்குமிழும் மங்கியது. மீராமுகைதீனின் நெல் ஆலை ஒரு முறை முனகி நின்றது. மெசின் ஓடியது. நான்கு வாயாலும் வெந்த காற்று இறங்கியது.

முதலில் தலைவர் தொப்பியைச் சரிசெய்தார்.

“சுபஹானல்லாஹ்” என்றார். “நல்ல குளிர்.”

“குவைத் குளிர்” என்றார் மாஸ்டர். “இது கொஞ்சம் வித்தியாசமாத்தான் இரிக்கும். முதல்ல உடம்பில இரிக்கிற சூட்ட வெளிய இழுத்துப்போடும். அதான் வேர்க்கிற மாதிரி இரிக்கி.”

“எனக்குக் கை விறைக்கிது” என்றார் மீராமுகைதீன், நெற்றியைச் சால்வையால் ஒற்றியபடி.

“மருமகன், உங்களுக்கு எப்பிடி?”

சரீபின் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. தாடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. அவர் மாமாவைப் பார்த்தார்.

“நீங்க சொன்னாச் சரி மாமா.”

குசினியில் பெண்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது கரண்ட் நின்றுவிட்டது. மெசின் மூச்சு விட்டு அடங்கியது. வீடு முழுக்க அமைதி. அந்த அமைதியில் தலைவரின் குரல் குசினி வாயால் இறங்கி வந்தது, அடுப்பில் இருக்கிற பானையைப் பார்த்துப் பேசுவது போல.

“குளிர் சித்தி. மறுகா காணி விசயம். தெக்குப் பாதி.”

“அது இளைய புள்ளைடயாமே?” என்றது மாஸ்டரின் குரல்.

“மெசினுக்குக் காத்தாட இடம் வேணாமா? மெசின் காணியெண்டு எழுதுவம். பின்னால புது றோட்டு வருது மாஸ்டர். றோட்டோரம் அந்தப் பாதி. கீழ என்ட உரக்கடை, மேல சங்கத்துக்குக் கந்தோர்.”

“அப்ப சங்கக் கொள்கை?”

“கொள்கைக்கு இருக்க இடம் வேணாமா?”

மாஸ்டர் திருப்தியடைந்தது போல இருந்தது. பிறகு மீராமுகைதீனின் குரல், மெலிந்து வந்தது. “அது என்ட காக்கா கட்டை அறைஞ்ச காணி, ஹாஜியார்.”

“உங்கட மில்லுக்கு லொறி வாற பாதை அந்தக் காணிக்குள்ளால வரும் மீராமுகைதீன். நிக்காஹ் சபையில வைச்சே நான் அறிவிக்கன். அவ்வளவு சனத்துக்கு முன்னால எந்தத் தாய் ஏலாதெண்டு சொல்லுவா? என்ன சொல்றீங்க?”

கதிரை ஒன்று இரண்டு முறை கிறீச்சிட்டது.

“லொறி கிறுகித் திரும்புற அளவுக்கு அகலமா வருமா?” என்றார் சாச்சா.

மூவரும் காணியைப் பார்க்க வெளியே போனார்கள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. சபியா உம்மா உரலில் உட்கார்ந்துவிட்டாள். றாஹிலா வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள்.

“எனக்கு வீடு வேணாம் ராத்தா” என்றாள். “நான் உங்களோடயே இரிக்கன். இந்தக் கலியாணம் குழம்பிப்போகக் கூடாது.”

ஹப்ஸாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அறுந்த நூல் போலத் தொங்கியது. எந்த முனையோடு எதை முடிவது என்று தெரியவில்லை. குழம்பிப்போன பேச்சுள்ள பெண்ணை ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரியும். வளவில்லாத பெண்ணை ஊர் பார்க்காமலே விட்டுவிடும் என்பதும் தெரியும்.

அந்த நேரம் பீலி வாயிலிருந்து ஒரு தனிக் குரல் வந்தது. மண்டபத்தில் சரீப் மட்டும் இருந்திருக்க வேண்டும்.

“யா அல்லாஹ். ஒரு ஜன்னலத் துறந்தாப் போதுமே.”

ஹப்ஸா உம்மாவைப் பார்க்கவில்லை. முக்காலியில் ஏறி நின்றாள்.

“கிழக்கு ஜன்னல்” என்றாள். “கொக்கி இறுகிக் கிடக்கு. மேல தூக்கிப்போட்டு இழுங்க.”

மண்டபத்தில் ஒரு கதிரை விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கொக்கி கழன்ற சத்தமும், பிறகு, பெரிய மூச்சு ஒன்றும் கேட்டன.

“நீங்க... ஆரு?”

“வேர்க்காத ஆள்” என்றாள் ஹப்ஸா. “மெசின் சூட்டில ஓடினது. திருகு சிவப்பில நிக்கிது.”

“நான் நினைச்சன்” என்றது குரல். “ஆனா நான் மட்டும்தான் நினைக்கிறனாக்கும் எண்டு பயந்துபோயிட்டன்.”

அவள் சிரித்தாள். அதுவும் அங்கே கேட்டிருக்கும். வெளியே காலடிச் சத்தம் வர, ஜன்னல் அவசரமாக மூடப்பட்டது. சரீப் அன்றைக்கோ அதற்குப் பிறகோ பீலியின் குணத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஹப்ஸா இரண்டு நாள் காத்திருந்து பார்த்து அதைத் தெரிந்துகொண்டாள். றாஹிலா அந்தப் பின்னேரம் தென்னம்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றப் போகவில்லை. அதையும் ஹப்ஸா பார்த்தாள்.

நிக்காஹ் நாள் வந்தது. மண்டபம் நிறைய ஆண்கள், வாசல் நிறையச் செருப்புகள். ஒலிபெருக்கிக்குக் கரண்ட் வேண்டும் என்பதால் மெசினை நிறுத்தியிருந்தார்கள். தலைவர் எழுந்தார்.

“இண்டைக்கு இந்த ஊரில சீதனமே இல்லாத கலியாணம் ஒண்டு நடக்குது. மாப்பிள்ள ஒண்டும் கேக்கல்ல. பொண்ணுட தாய் சபியா உம்மாதான், தன்ட விருப்பத்தில, மெசினுக்குக் காத்தாடத் தெக்குப் பாதிக் காணியத் தாறா. விருப்பத்தில தாறதத் தடுக்க நான் ஆரு? தடுத்தா அது கொடுமை.”

எல்லோரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். மணவறைக்குள் சபியா உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பதிவுகாரர் இரண்டு சாட்சிகளுடன் மணவறைத் திரைக்கு வந்தார். பெண்ணின் சம்மதம் கேட்பது மார்க்கத்தில் உள்ளது. கேட்பார்கள். பெண் வெட்கத்தில் பேசாமல் இருப்பாள். பேசாதிருந்தால் சம்மதம். எங்கள் ஊரில் எத்தனையோ பெண்கள் இப்படி ஒரு வார்த்தையும் செலவழியாமல் சம்மதித்திருக்கிறார்கள்.

“மகள் ஹப்ஸா, இந்தக் கலியாணம் உங்களுக்குச் சம்மதமா?”

திரைக்குப் பின்னால் சத்தமில்லை. பதிவுகாரர் திரும்பப் போனார். அப்போது மண்டபத்தின் நான்கு மூலையிலும் கூரையிலிருந்து ஒரு பெண் குரல் இறங்கியது.

“அஸ்ஸலாமு அலைக்கும்.”

பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்து நின்று மேலே பார்த்து, “வஅலைக்கும் ஸலாம்” என்றார்.

“நான் ஹப்ஸா. எனக்கு மாப்பிள்ளையச் சம்மதம். காணி குடுக்கச் சம்மதமில்ல. அது என்ட தங்கச்சிட காணி.”

மணவறையில் ஹப்ஸா, தாழ்வாரத்திலிருந்து கொண்டுவந்த தறிப்பலகையின் மேல், பீலி வாய்க்கு நேரே நின்றுகொண்டிருந்தாள். பட்டுச் சேலைக்குள் உடம்பு முழுக்க வேர்த்தது. றாஹிலா அவள் காலைக் கட்டிப் பிடித்திருந்தாள், விழாமலா, இறங்காமலா என்று தெரியாதபடி.

“பொம்புளட சத்தம் எங்கால வருது?” என்றார் தலைவர்.

“நீங்க பூட்டச் சொன்ன பீலிக்குள்ளால, ஹாஜியார். நீங்க இஞ்ச இருந்து கதைக்கிறதும் இதுக்குள்ளாலதான் எங்களுக்கு வரும். அண்டைக்குக் கரண்ட் நிண்ட நேரம் நீங்க மூணு பேரும் கதைச்சது எனக்கு முழுக்கப் பாடம். சபையில ஓதிக் காட்டட்டா?”

மண்டபத்தில் அவ்வளவு பேரும் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கூரையைப் பார்த்தார்.

முதலில் உடைந்தது சாச்சாதான்.

“மெசினுக்குக் காணி எதுக்கு?” என்று கத்தினார். “மெசின் சுவரிலல்லவா இரிக்கி! காக்கா அறைஞ்ச கட்டை அது. நான் வலீ. நான் சொல்றன், காணி இல்ல!”

தலைவர் தலைவராக இருந்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. அவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

“இதத்தான் நானும் சொல்ல வந்த” என்றார். “காணி சீதனம். சீதனத்த ஒழிச்சவங்க நாங்க. அப்பிடியிருக்க ஆரோ சபையில எழும்பி, காணி தாறதா அறிவிச்சிருக்காங்க. அவங்கள நான் வன்மையாகக் கண்டிக்கன்.”

சபை அந்த ஆளைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தது.

பதிவுகாரர் நேரம் போகிறது என்றார். சாச்சா சரீபின் கையைப் பிடித்து நிக்காஹ் செய்து கொடுத்தார். ஏற்றுக்கொள்ளும் வார்த்தைகளை மாப்பிள்ளை வலீயின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சரீப் மேலே, கூரை வாயைப் பார்த்து, தேவைக்கு மேல் உரத்துச் சொன்னார். “கபில்து.” குசினி, மணவறை, எல்லா இடத்திலும் கேட்டது.

அடுத்த கிழமை சங்கம் அவசரமாகக் கூடியது. குழாய்க்குள்ளால் வருகின்ற காற்று சீதனம் என்றும், இனி எந்தக் கலியாண வீட்டிலும் பீலி பூட்டப்படக் கூடாதென்றும், ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். கூடியது கடற்கரையில், தோணிகளுக்கு அப்பால், அலை சத்தம் போடுகிற இடத்தில். அன்றிலிருந்து கூட்டமெல்லாம் அங்கேதான். ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்பதில்லையாம். ஆனாலும் ஏகமனதுக்குக் குறைவில்லை.

மெசினை ஓட்டினால் சாச்சாவின் ஆலை நிற்கும் என்பதால் அது ஓடவில்லை. வடித்துணியைக் கழுவித் தேங்காய்ப்பால் பிழிய எடுத்துக்கொண்டாள் சபியா உம்மா. தென்னம்பிள்ளையில் புதுக் குருத்து வந்தது.

ஒரு பின்னேரம் சரீப் கந்தோரிலிருந்து வந்து மண்டபத்தில் நின்றார். ஹப்ஸா குசினியில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தறியைத் திரும்ப எங்கே போடுவது என்று இன்னும் ஒருவரும் பேசவில்லை. அவளும் வாய் திறக்கவில்லை.

அவர் தலையை உயர்த்தினார்.

“ஹப்ஸா, கிழக்கு ஜன்னலத் துறக்கட்டா? தறிய இஞ்சயே வைப்பமா?”

கேட்டுவிட்டுக் கொக்கியில் கை வைத்தபடி நின்றார். திறக்கவில்லை. உப்புக் கறள் விரலில் ஒட்டியது. பிஸ்கட் தகரத்துப் பெண்ணைத் தாண்டி, நான்கு வாயாலும் ஒரே நேரத்தில் மறுமொழி வந்தது.

“ஓம்.”